காயாத பச்சை

வஜ்ஜிரம் கொதிக்கிற நாற்றம் போன வாரம் என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசையை மரவேலைக்காரர்கள் இன்னும் தகர டப்பாவில் போட்டு, டப்பாவை வெந்நீருக்குள் இறக்கி உருக்குகிறார்கள். கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு நாற்காலிப் பட்டறை. எனக்கு முன்னால் போன பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நெஞ்சு நிறைய இழுத்தேன். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து, "பெரியவரே, ரோட்டுல என்ன தவமா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிப் போனான்.

பெரியவராம். எனக்கு நாற்பத்தெட்டு. என் தம்பிக்கு இன்னும் பத்தொன்பதுதான்.

அவனுக்கு அந்தப் பத்தொன்பது நடந்தபோது, யுத்தம் தொடங்கி மூன்று வருஷம் கழிந்திருந்தது. நான் போர்டு எழுதுகிறவன். மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில், இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. யுத்தத்தில் யார் புதுக்கடை திறக்கிறார்கள்? எழுத போர்டு இல்லாத நாட்களில் பழைய பலகைகளின் முதுகில் கவிதை மாதிரி எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பேன். என் அண்ணன் ரங்கூனில் ஒரு துணிக்கடையில் இருந்தான். குண்டு விழுந்ததும் அங்கிருந்து ஜனங்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். நடந்து வந்தவர்கள் மதுரை ஸ்டேஷனில் இறங்கும்போதெல்லாம் அம்மா பிளாட்பாரத்தில் நிற்பாள். வந்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். ஒரு வருஷம் பார்த்தாள். அண்ணன் முகம் அதில் இல்லை. பிறகு ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போது பார்ப்பாள், தூங்கும்போது பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் கவிழ்ந்து படுத்துப் பழகினேன்.

தம்பி சமயநல்லூர் போகும் கரி பஸ்ஸில் இருந்தான். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் ஆளுயர உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி, விசிறியைக் கையால் சுற்றி, புகை சரியாக வந்தால் வண்டி நகரும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். கரி போடுவதும் விசிறி சுற்றுவதும் அவன் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பல்லும் கண்ணும்தான் வெள்ளை. "பஸ்ஸாண்ணே இது? நகர்ற அடுப்பு" என்பான். இஞ்சின் என்றால் அவனுக்கு உயிர். உண்மையான இஞ்சின் ஒன்றின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் கரிப்புகை மாதிரி அடைத்துக்கொண்டு கிடந்தது.

மாசி மாதத்தில் ஒரு சுபேதார் கடை வாசலில் வந்து நின்றார். தல்லாகுளத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற இடத்துக்காரர்.

"டாங்கி தெரியுமா, பெயிண்டரே?"

"பேப்பர்ல பாத்திருக்கேன்."

"நானும் ரொம்ப நாளு பேப்பர்லதான் பாத்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் பந்தல் போடுறோம். ஜனம் பாக்க ஒரு டாங்கி வேணும். நெசத்த அனுப்ப மாட்டான். நீ ஒண்ணு செஞ்சு குடு, ஒன்றரை முழ நீளத்துல. பொம்ம மாதிரி இருக்கக்கூடாது. பாத்தா பயம் வரணும். பயந்துக்கிட்டே, இதுல ஏறி உக்காரணும்னு ஆசையும் வரணும். முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நீட்டிய படத்தைப் பார்த்துவிட்டேன். அதோடு போயிற்று. சேற்றிலிருந்து தலை தூக்கிய ஒரு எருமை; ஆனால் அதன் உடம்பெல்லாம் ஆணி. இதை மரத்தில் கொண்டுவர முடியுமா என்று கை என்னைக் கேட்டது. கை கேட்டால் நான் எப்போதும் யோசிப்பதில்லை. என் வாழ்வின் பாதிக் கஷ்டம் அங்கிருந்து வந்தது.

தேயிலைப் பெட்டிப் பலகையில் உடம்பு செய்தேன். முன்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். அந்தச் சரிவை மட்டும் நான்கு தடவை அறுத்து எறிந்தேன். பீரங்கி திரும்புகிற தலைக்கு என்னென்னவோ செதுக்கிப் பார்த்துத் தோற்று, கடைசியில் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துத் தேய்த்தேன். அது இரும்பில் வார்த்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. பீரங்கிக் குழாய்க்கு அம்மாவின் ஊதுகுழலை எடுத்தேன்.

"அடேய், நான் அடுப்ப எதால ஊதுவேன்?"

"நாலு நாளைக்கு வாயால ஊதும்மா."

"யுத்தம் என் அடுப்புவரைக்கும் வந்துருச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள் அம்மா. அவள் சிரித்ததைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதற்காகவே இன்னும் இரண்டு சாமான் எடுக்கலாமா என்று தோன்றியது.

சக்கரங்கள் மில்லில் கழித்துப்போட்ட நூல் கட்டைகள். வட்டமாக அரிந்து வைத்தேன். சக்கரத்தைச் சுற்றி ஓடும் பட்டைக்கு சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, அதன்மேல் மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி அறைந்தேன். ஆணித் தலைகள்தான் என்னைக் கொன்றன. படத்தில் உடம்பு முழுக்க வரிசை வரிசையாக ஆணித் தலை. எந்த ஆணியை அடித்தாலும் பலகை பிளந்தது. ஒருநாள் காலை அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள். வெடித்துத் தெறித்த கடுகு ஒன்று என் கையில் ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க, வஜ்ஜிரத்தைக் குச்சியால் தொட்டுப் பொட்டு வைத்து, ஒவ்வொரு பொட்டின்மேலும் ஒரு கடுகை உட்கார வைத்தேன். முதுகு நிமிரவில்லை. நாற்றத்தில் சந்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். முடிந்ததும் எட்டி நின்று பார்த்தேன். கடுகு காணாமல் போய், இரும்பு நின்றது.

தம்பி அப்போதுதான் வேலை விட்டு வந்தான். கைகூடக் கழுவவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் பட்டையைத் தள்ளினான். அது நகரவில்லை.

"இம்புட்டு செஞ்சிட்டு, ஓடாதாண்ணே?"

"பாக்கத்தானடா கேட்டாரு."

"ஓடாத வண்டிய எவன் பாப்பான்? எங்க பஸ்ஸயே எவனும் பாக்குறதில்ல."

மறுநாள் எங்கிருந்தோ ஒரு உடைந்த சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்தான். அதன் வில்லைப் பிரித்து வயிற்றுக்குள் வைத்துப் பூட்டினான். ஐந்து நாள். என்னால் பார்க்கத்தான் முடிந்தது. என் தம்பிக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆறாம் நாள் சாவி கொடுத்துத் தரையில் விட்டான். கரகரவென்று அது நகர்ந்தது. அவன் வழியில் மணலைக் குவித்தான்; ஏறியது. செங்கல் துண்டை வைத்தான். மூக்கைத் தூக்கி, ஒரு நிமிஷம் தவித்து, தொப்பென்று அந்தப் பக்கம் விழுந்து மறுபடி நகர்ந்தது. தம்பி தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. சந்தோஷப்பட்டேன்.

வர்ணம் அடிப்பதுதான் மிச்சம். படம் கறுப்பு வெள்ளை. சுபேதாரைக் கேட்டால், "கம்மாத் தண்ணி வத்துன பின்னால சேறும் பாசியும் கெடக்குமே, அந்தக் கலரு" என்றார். பட்டாளத்தில் இருக்க வேண்டியவரில்லை அவர். காஜிமார் தெருப் பக்கம் சாமான்கடை வைத்திருந்த பாயிடம் போனேன். பள்ளிவாசல் கதவுக்கு அடித்து மீந்த பச்சை கொஞ்சம் தந்தார்.

"ஆளிவிதை எண்ணெய் வேணும் பாய்."

"அதெல்லாம் பட்டாளத்துக்குப் போயிருச்சு தம்பி. நல்லெண்ணெய ஊத்திக் கலக்கு."

"காயுமா?"

"காயிறப்பக் காயும். இன்ஷா அல்லா, சித்திரைக்குள்ள காஞ்சிரும்."

பச்சையில் மஞ்சக் காவியும் விளக்குக் கரியும் சேர்த்துச் சேர்த்து அந்தக் கண்மாய்ச் சேற்று நிறத்தைப் பிடித்தேன். மூன்று பூச்சு. நிறம் அற்புதமாக வந்தது. ஆனால் காயவே இல்லை. வெயிலில் வைத்தேன், அடுப்படியில் வைத்தேன். தொட்டால் ஒட்டும். என் பத்து விரலும் பச்சை. சோற்றில் பச்சை, வேட்டியில் பச்சை. தெருத்தூசி வேறு அதன்மேல் வந்து படிந்தது. தம்பிக்கு அதுவும் பிடித்தது. "நெசமாவே எங்கயோ போயிட்டு வந்த மாதிரி இருக்குண்ணே."

மறுநாள் அவன் சொன்னான், "பேர் குடுக்கப் போறேன்."

அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"டாங்கிப் படைக்கு டிரைவரு எடுக்குறாங்களாம். சுபேதார்ட்ட கேட்டுட்டேன். வில்ல மாட்டுனது நான்தான்னு சொன்னேன். கையப் புடிச்சுக் குலுக்குனாரு."

"ஒருத்தன் போயி என்ன ஆனான்னு தெரியல. நீயுமாடா?"

"நான் என்ன சாகவா போறேன்? கரிக்குள்ள கெடந்து சாகுறதவிட இது மேலும்மா."

அம்மா அன்றிலிருந்து சாப்பிடவில்லை. நான் பேசினேன், திட்டினேன், ஒருதடவை அடித்தேன். அவன் அடியை வாங்கிக்கொண்டு, "வலிக்கல" என்றான். எதைச் சொல்லியும் ஆகவில்லை. வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நாலாவதாக அது மூலையில் உட்கார்ந்து பளபளவென்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் தனியாக இருந்தபோது உளி தட்டும் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். ஒரே போடு. கொட்டாங்கச்சி தூளாகிவிடும். பந்தலில் டாங்கி இல்லை, ஆசையும் கொஞ்சம் தணியும், யார் கண்டது? கை மேலேயே நின்றது. கடுகு வரிசையின்மேல் வெயில் விழுந்து ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு நேர்த்தியாக நான் வேறு எதையும் செய்ததில்லை, அதற்கு முன்னும் பின்னும். கொட்டாப்புளியை இறக்கிவிட்டேன். தம்பியா, அதுவா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் மட்டும் பதில் சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். சாமியிடம் பூக்கேட்பது. எங்கள் குலசாமி கோயில் அவனியாபுரத்துக்கு வெளியே. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போகக்கூடாது. தம்பி கொஞ்சநேரம் அம்மாவின் ஒட்டிய வயிற்றைப் பார்த்துவிட்டுச் சரி என்றான்.

"அண்ணனே பொட்டலம் கட்டட்டும். பூசாரி கட்டுனா நீ ஏதும் சொல்லி வச்சிருப்பியோன்னு எனக்குத் தோணும்மா."

செவ்வாய்க்கிழமை காலை. அன்று சாயங்காலம் டாங்கியைப் பந்தலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், கிளம்புமுன் ஓரத்தில் தேய்ந்த இடத்தைத் தொட்டுப் பூசிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தேன். கோயில் கிணற்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மடியில் நந்தியாவட்டையும் செவ்வரளியும். பழைய பேப்பரை இரண்டாகக் கிழித்தேன். முதலில் செவ்வரளியை மடித்தேன். நந்தியாவட்டையை எடுத்தேன். சின்னப் பூ. அதன் வெள்ளையில் ஒரு ரயில் போவதைப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? கசக்கி எருக்கஞ்செடிக்குள் எறிந்தேன். இரண்டாவது பேப்பரிலும் செவ்வரளியை வைத்து மடித்தேன்.

பூசாரி குலுக்கிப் போட்டார். சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அவள் எடுத்த பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

அம்மா அப்படியே மண்ணில் விழுந்தாள். பேச்சில்லை, அழுகைதான். தம்பி கோபுரமில்லாத அந்தச் சின்னக் கோயிலின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து அம்மாவைத் தூக்கினான்.

"சரி விடும்மா. சாமியே சொல்லிருச்சு. நம்ம அடுப்பு பஸ் நம்மள விடாதுபோல."

தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது பூசாரி இன்னொரு பொட்டலத்தைத் தம்பி கையில் கொடுத்தார்.

"எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கக்கூடாது. கேட்டவன் கையாலேயே கெணத்துல போட்டுறணும்."

"இங்க குடுடா, நான் போடுறேன்" என்று ஓடினேன். அவன் எனக்கு முன்னால் கிணற்று மேட்டுக்குப் போய்விட்டான். கையை நீட்டி விரித்தான், பொட்டலம் விழவில்லை. என் விரலில் இருந்த பச்சை பேப்பர் முழுக்க அப்பி, இப்போது அவன் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டது. உதறினான். மறு கையால் பிய்த்தான். பேப்பர் கிழிந்து செவ்வரளி அவன் பாதத்தின்மேல் கொட்டியது.

அம்மா உள்ளே திருநீறு வாங்கிக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. தம்பி பாதத்தைப் பார்த்தான். பேப்பரில் அழுத்தமாக விழுந்திருந்த பச்சைக் கட்டைவிரல் ரேகையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஒவ்வொரு இதழாகப் பொறுக்கிக் கிணற்றில் போட்டான். அம்மா வெளியே வருவதற்குள் ஒன்றுகூட இல்லாமல் போட்டுவிட்டான்.

திரும்பும்போது அம்மா முன்னால் நடந்தாள். வழியில் வந்தவர்களிடமெல்லாம் சாமி சொன்னதைச் சொல்லிக்கொண்டே போனாள். நாங்கள் பின்னால்.

"வெள்ளைய என்னண்ணே செஞ்ச?"

"கசக்கிப் போட்டுட்டேன்."

"வெள்ளதான் வரும்னு பயமா?"

"ஆமாடா."

"எனக்குச் செவப்பு வந்துருமோன்னு பயம். ஆனா வந்திருந்தா இருந்திருப்பேண்ணே. சத்தியமா இருந்திருப்பேன். ஒரு வார்த்த குடுத்தாச்சுல்ல."

"இப்ப மட்டும் என்னடா? இருந்துரு. ஒன் கால்ல விழுறேன்."

"இப்ப எனக்கு யாரும் எதுவும் சொல்லலயே. சாமியக் கேக்கவே இல்ல நாம."

சாயங்காலம் டாங்கியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவனும் வந்தான். பந்தலில் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். சாவி கொடுத்து அவனே விட்டான். கூட்டம் ஓவென்று கத்தியது. அந்தக் கத்தலுக்கு நடுவில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

நான் சுபேதாரைத் தனியாகப் பிடித்தேன். "அய்யா, டாக்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. கண்ணு சரியில்ல, காது சரியில்லன்னு எழுதச் சொல்லுங்க. ரங்கூன்ல ஒருத்தனப் பறிகொடுத்த வீடு."

அவர் கோபப்படவில்லை. பந்தல் வாசலைக் காட்டினார். பையன்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோர் கழுத்தும் மணலை நோக்கித் திரும்பியிருந்தது.

"ஒன் டாங்கியப் பாத்துட்டு நிக்கிறாங்க, பெயிண்டரே. ஒன் தம்பிய மட்டும் நான் நிறுத்தி வச்சா, இவனுக ஆத்தாமாருக்கு நீ பதில் சொல்லுவியா?"

அதுவரை அந்தப் பையன்களை நான் பார்க்கவே இல்லை. அவர்களுக்கும் வீட்டில் யாரோ அகப்பையைக் கீழே வைத்திருப்பார்கள்.

அம்மாவுக்குத் தெரிந்தபோது வீடு என்ன ஆனது என்று எழுத எனக்கு வரவில்லை. "சாமி வாக்க மிதிச்சுட்டுப் போறான், பாவி" என்றாள். அவனோடு பேசுவதை நிறுத்தினாள். அவன் தட்டில் சோறு போடுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள்! ரயில் ஏறும்வரை வீட்டில் இருந்த ஒன்பது நாளும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை, 'அண்ணன் ஏமாத்திட்டான்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவின் கோபம் என்மேல் திரும்பியிருக்கும். அவன் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து, சொல்லாமல் படுத்தேன். அம்மா சாகும்வரை சொல்லவில்லை. பின்னால் வந்த தந்தியைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. அது நாலு வரிதான். அதை வாசிக்கக் கேட்டு அம்மா, "சாமி சும்மா விடுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் ரயில் ஏறிய அன்று ஸ்டேஷனுக்கு அம்மா வரவில்லை. நான் மட்டும் போனேன். மத்தியான வெயில். பெட்டி முழுக்கப் புதுப் பையன்கள். ஒருவனை ஒருவன் மாப்ள மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டு, கொண்டுவந்த முறுக்கைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். தம்பி ஜன்னலோரம் இருந்தான். கரியெல்லாம் போய் முகம் சுத்தமாக இருந்தது. யாரோ போல இருந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பிளாட்பாரத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கார்டு விசில் ஊதினார். அதன் பிறகும் பார்த்தான். வண்டி அசைந்ததும் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினான். நான் கம்பியை விடாமல் கூடவே நடந்தேன்.

"சிரிச்சுக்கிட்டே போனான்னு அம்மாட்ட சொல்லுண்ணே. பொய்தான். ஆனா நீ சொன்னா அம்மா நம்பும்."